கடன் அட்டைக் காப்பீடும் அடையாளத் திருட்டுக் காப்பீடும்: வாங்கத் தக்கவையா?

நமது நாட்டில் கடன் அட்டையை 1980-ஆம் ஆண்டில் சென்ட்ரல் பாங்க் ஆஃப் இந்தியா அறிமுகப்படுத்தியது. பெருநகரங்களில் வாழ்ந்த வசதி படைத்தோர் சிலரிடம் மட்டுமே அன்று காணப்பட்ட இவ்வட்டை, இன்று மாதச் சம்பளக்காரர், சிறு வணிகர், ஓய்வூதியர் எனப் பல தரப்பினரின் அன்றாடக் கருவியாகிவிட்டது. புழக்கத்திலுள்ள கடன் அட்டைகளின் எண்ணிக்கை 2024-ஆம் ஆண்டின் தொடக்கத்தில் 10 கோடியைத் தாண்டியது. சேமிப்புக் கணக்குடன் இணைந்த டெபிட் அட்டைகளோ 90 கோடிக்கும் மேற்பட்டவை. இவற்றோடு கைப்பேசி வழியே பணம் அனுப்பும் யு.பி.ஐ. முறையும் சேர்ந்துகொண்டபின், பணம் இருக்குமிடம் பெட்டியும் பையும் என்ற நிலை மாறி, எண்களும் கடவுச்சொற்களுமே பணத்தின் சாவிகளாகிவிட்டன.

சாவி களவு போகக்கூடும் என்ற அச்சமும் இதனுடன் பிறந்தது. அந்த அச்சத்திற்கு மருந்தாக ஒருவகைக் காப்பீடு விற்கப்பட்டு வருகிறது. அட்டை தொலைந்தாலோ, அட்டையின் விவரங்கள் திருடப்பட்டாலோ, வேறொருவர் நமது பெயரில் கடன் பெற்றாலோ ஏற்படும் இழப்பை ஈடுசெய்வதாக இப்பாலிசிகள் கூறுகின்றன. அட்டை வழங்கும் வங்கியே சில வேளைகளில் தொலைபேசி மூலம் இதனை எடுத்துக் கூறி, மாதாந்தரக் கணக்கில் பிரீமியத்தைச் சேர்த்துவிடுவதும் உண்டு. ஒரு நடுத்தரக் குடும்பம் இதற்குப் பணம் செலவிடுவது பொருத்தமா என்பதைப் பொருளாதார நோக்கில் ஆராய்வது பயனுள்ளதாகும்.

காப்பீட்டின் அடிப்படை விதி

காப்பீடு என்பது இழப்பைத் தடுக்கும் ஏற்பாடு அன்று. இழப்பைப் பலரிடையே பகிர்ந்துகொள்ளும் ஏற்பாடே ஆகும். நிறுவனம் வசூலிக்கும் பிரீமியத்தில் இழப்பீட்டுத் தொகையுடன் விற்பனைத் தரகு, நிர்வாகச் செலவு, ஆதாயம் ஆகியவையும் அடங்கியுள்ளன. எனவே, பாலிசிதாரர்கள் அனைவரையும் ஒருங்கே நோக்கினால், அவர்கள் செலுத்துவதைக் காட்டிலும் திரும்பப் பெறுவது குறைவாகவே இருக்கும். அவ்வாறிருந்தும் காப்பீடு பயனுடையதாவது, தாங்க முடியாத பேரிழப்பு எப்போதோ ஒருமுறை ஒரு குடும்பத்தைத் தாக்கும்போது அதனைக் காக்கிறது என்பதனாலேயே. வீடு எரிவதும், குடும்பத் தலைவர் அகாலத்தில் மறைவதும், நீண்ட நாள் மருத்துவமனையில் தங்க நேர்வதும் அத்தகைய இழப்புகள். கைப்பொருளைக் கொண்டே சமாளிக்கக்கூடிய சிறு இழப்புகளுக்குக் காப்பீடு செய்வது வீண் செலவாகும்.

இதிலிருந்து இரு கேள்விகள் எழுகின்றன. முதலாவது, மோசடியால் நேரும் இழப்பில் எவ்வளவு வாடிக்கையாளரின் தலையில் விழுகிறது? இரண்டாவது, அவ்வாறு விழும் பகுதியைத்தான் பாலிசி ஈடுசெய்கிறதா? இவ்விரண்டுக்கும் விடை காணாமல் பாலிசியின் முகப்பில் அச்சிட்டுள்ள பெருந்தொகையை மட்டும் நோக்குவது தவறான முடிவுக்கு இட்டுச் செல்லும்.

சட்டமும் நெறிகளும் அளித்துள்ள பாதுகாப்பு

அட்டை மோசடியின் சுமையை வாடிக்கையாளர் முழுவதும் தாங்கலாகாது என்ற கொள்கை புதியதன்று. அமெரிக்காவில் 1970-ஆம் ஆண்டிலேயே சட்டத் திருத்தம் மூலம், அனுமதியின்றிக் கடன் அட்டை பயன்படுத்தப்பட்டால் அட்டைதாரரின் பொறுப்பு 50 டாலருக்கு மேற்படாது என வரையறுக்கப்பட்டது. அட்டை முறையை வடிவமைப்பதும் அதிலுள்ள ஓட்டைகளை அடைக்க வல்லதும் வங்கியே ஆதலால், சுமையும் அதனிடமே இருக்கவேண்டும் என்பது இதன் தத்துவம். தான் இழப்பைத் தாங்கவேண்டும் என்றால்தான் வங்கி பாதுகாப்பில் முதலீடு செய்யும்.

நமது ரிசர்வ் வங்கி இதே தத்துவத்தை 2017-ஆம் ஆண்டு ஜூலை 6 அன்று வெளியிட்ட சுற்றறிக்கையில் விரிவாக வகுத்தளித்தது. வங்கியின் குறைபாட்டால் மோசடி நிகழ்ந்திருப்பின், வாடிக்கையாளர் அதனை அறிவித்தாலும் அறிவிக்காவிட்டாலும் அவருக்குப் பொறுப்பு எதுவும் இல்லை. வங்கியும் வாடிக்கையாளரும் தவறு செய்யாமல், இடையிலுள்ள வேறோர் அமைப்பில் குறை நேர்ந்திருப்பின், வங்கியிடமிருந்து தகவல் கிடைத்த மூன்று வேலை நாட்களுக்குள் புகார் செய்தால் அப்போதும் பொறுப்பில்லை. நான்கு முதல் ஏழு வேலை நாட்களுக்குள் புகார் செய்தால், பொறுப்புக்கு உச்சவரம்பு விதிக்கப்பட்டது: அடிப்படைச் சேமிப்புக் கணக்கிற்கு ரூ. 5,000; பிற சேமிப்புக் கணக்குகளுக்கும், ரூ. 5 லட்சம் வரை கடன் வரம்புள்ள கடன் அட்டைகளுக்கும் ரூ. 10,000, அதற்கு மேற்பட்ட வரம்புள்ள கடன் அட்டைகளுக்கு ரூ. 25,000. ஏழு நாட்களும் கடந்துவிட்டால், அந்தந்த வங்கியின் இயக்குநர் குழு வகுத்த கொள்கைப்படி பொறுப்பு முடிவாகும்.

இச்சுற்றறிக்கையில் மேலும் மூன்று அம்சங்கள் குறிப்பிடத்தக்கவை. புகார் கிடைத்த பத்து வேலை நாட்களுக்குள், காப்பீட்டுத் தொகை வரும்வரை காத்திராமல், வங்கி அத்தொகையைக் கணக்கில் தற்காலிகமாக வரவு வைக்கவேண்டும் என்பது ஒன்று. 90 நாட்களுக்குள் புகார் தீர்க்கப்படவேண்டும் என்பது மற்றொன்று. வாடிக்கையாளரே பொறுப்பாளி என்று மெய்ப்பிக்கும் கடமை வங்கியைச் சார்ந்தது என்பது மூன்றாவது. இத்தகைய நெறிகள் அவ்வப்போது திருத்தப்படுவன ஆகையால், தத்தம் வங்கி வெளியிட்டுள்ள வாடிக்கையாளர் பாதுகாப்புக் கொள்கையின் அண்மை வடிவத்தைப் பார்த்துக்கொள்வது நல்லது.

தொழில்நுட்ப ஏற்பாடுகளும் இதற்குத் துணை நிற்கின்றன. இணையவழிக் கொள்முதலுக்கு இரண்டாவது சரிபார்ப்பு 2009-ஆம் ஆண்டு ஆகஸ்டு முதல் கட்டாயமாக்கப்பட்டது. காந்தப் பட்டை மட்டுமே கொண்ட அட்டைகளை 2018-ஆம் ஆண்டு இறுதிக்குள் சில்லு பதித்த அட்டைகளாக மாற்றுமாறு வங்கிகள் பணிக்கப்பட்டன. 2020-ஆம் ஆண்டில் வகுக்கப்பட்ட விதியின்படி, புதிதாக வழங்கப்படும் அட்டைகளில் வெளிநாட்டுப் பயன்பாடும் இணையவழிப் பயன்பாடும் அட்டைதாரர் கேட்டாலன்றித் திறக்கப்படுவதில்லை. 2022-ஆம் ஆண்டு அக்டோபர் முதல் வணிகத் தளங்கள் அட்டை எண்ணைத் தம்மிடம் சேமித்து வைக்கலாகாது என்ற விதியும் நடைமுறைக்கு வந்தது.

கணக்கு என்ன சொல்கிறது?

ஓர் எடுத்துக்காட்டை நோக்குவோம். ஆண்டுக்கு ரூ. 1,500 பிரீமியத்தில் ரூ. 1 லட்சம் வரை ஈடுசெய்யும் கடன் அட்டைப் பாலிசி ஒன்று விற்கப்படுவதாகக் கொள்வோம். செலவும் வரவும் சமமாக வேண்டுமானால், பாலிசிதாரர்களில் ஏறத்தாழ 67 பேருக்கு ஒருவர் வீதம் ஆண்டுதோறும் முழு ஒரு லட்சத்தை இழக்கவேண்டும். ஆனால், ரூ. 5 லட்சம் வரை கடன் வரம்புள்ள அட்டையை வைத்து, ஒரு வாரத்திற்குள் புகார் செய்யும் கவனமுள்ள அட்டைதாரரின் பொறுப்பு மேற்கண்ட நெறியின்படி ரூ. 10,000-ஐத் தாண்டாது. அவ்வாறாயின் பாலிசி காப்பது ஒரு லட்சத்தை அன்று, பத்தாயிரத்தையே. பத்தாயிரத்தைக் காக்க ஆண்டுக்கு ரூ. 1,500 செலுத்துவது நியாயமாக வேண்டுமானால், ஏழு பேரில் ஒருவர் ஆண்டுதோறும் அம்முழுத் தொகையையும் இழக்கவேண்டியிருக்கும். மூன்று நாட்களுக்குள் புகார் செய்பவரைப் பொறுத்தவரை, காக்கவேண்டிய தொகையே எஞ்சுவதில்லை.

பாலிசியின் முகப்பிலுள்ள தொகைக்கும் உண்மையில் எஞ்சி நிற்கும் இழப்புக்கும் உள்ள இந்த இடைவெளியே இவ்வாணிபத்தின் மையப் பிரச்சினை. பிரிட்டனில் இது பெரும் விவகாரமாக வெடித்தது. அட்டைப் பாதுகாப்பு, அடையாளப் பாதுகாப்பு ஆகிய பாலிசிகளை விற்ற சி.பி.பி. என்ற நிறுவனத்திற்கு 2012-ஆம் ஆண்டு நவம்பரில் அந்நாட்டு நிதிச் சேவைகள் கண்காணிப்பு அமைப்பு 1.05 கோடி பவுண்டு அபராதம் விதித்தது. வங்கியே ஏற்கவேண்டிய இழப்புக்குப் பாதுகாப்பு அளிப்பதாகக் கூறியும், அடையாளத் திருட்டின் அபாயத்தை மிகைப்படுத்தியும் வாடிக்கையாளர்களை வாங்கச் செய்தது என்பதே குற்றச்சாட்டின் சாரம். 2013-ஆம் ஆண்டு ஆகஸ்டில், அந்நிறுவனமும் 13 வங்கிகளும் அட்டை நிறுவனங்களும் சேர்ந்து, சுமார் 70 லட்சம் வாடிக்கையாளர்களுக்கு 130 கோடி பவுண்டு வரை ஈடு வழங்கும் திட்டம் அறிவிக்கப்பட்டது. தேவையற்ற பாலிசி ஒவ்வொன்றும் சிறு தொகையே. அவை ஒன்று சேரும்போது மக்களின் சேமிப்பில் எத்துணைப் பெரும் கசிவு ஏற்படுகிறது என்பதற்கு இது சான்று.

உண்மையான ஆபத்து எங்கே?

இதனைக் கொண்டு மோசடி அபாயமே இல்லை என்று முடிவு செய்வது பெரும் பிழையாகும். மேற்கூறிய நெறி ஒரு முக்கிய விலக்கைக் கொண்டுள்ளது. இரகசிய எண்ணையோ ஓ.டி.பி.யையோ பிறரிடம் கூறிய கவனக்குறைவால் இழப்பு நேர்ந்தால், வங்கிக்கு அறிவிக்கும்வரை ஏற்படும் இழப்பு முழுவதையும் வாடிக்கையாளரே ஏற்கவேண்டும். அறிவித்தபின் நேரும் இழப்பு மட்டுமே வங்கியைச் சாரும்.

இன்றைய மோசடிக்காரர்கள் பூட்டை உடைப்பதைக் காட்டிலும், சாவியை உரியவரே கொடுக்கும்படி செய்வதையே விரும்புகின்றனர். வங்கி அதிகாரி போலவும், மின்வாரிய ஊழியர் போலவும், காவல்துறை அதிகாரி போலவும் பேசி அச்சமூட்டியோ ஆசை காட்டியோ பணத்தைப் பறிக்கின்றனர். காணொளி அழைப்பில் ‘டிஜிட்டல் கைது’ செய்துவிட்டதாக மிரட்டப்பட்டவர், தமது கையாலேயே பணத்தை அனுப்பிவிடுகிறார். இங்கே வங்கியின் ஏடுகளில் காணப்படுவது திருட்டு அன்று. வாடிக்கையாளரே ஆணையிட்டு நிகழ்ந்த பரிமாற்றம். ஓய்வூதியப் பணிக்கொடை முழுவதும் ஒரே நாளில் போய்விடக்கூடிய பேரிழப்பு இதுவே.

கடன் அட்டைக்கும் சேமிப்புக் கணக்கிற்கும் உள்ள வேறுபாடும் கருதத்தக்கது. கடன் அட்டையில் நிகழும் மோசடியில் முதலில் வெளியேறுவது வங்கியின் பணம். வாடிக்கையாளர் பில்லை மறுத்து வாதாடும் நிலையில் இருக்கிறார். சேமிப்புக் கணக்கிலிருந்து பணம் போனால், முதலில் காலியாவது குடும்பத்தின் கை. காப்பீடு தேடுவோர் கடன் அட்டையை முதலில் நினைப்பதும் சேமிப்புக் கணக்கை மறப்பதும் ஆபத்தின் அளவுக்கு முரணானவை.

எனவே, பாலிசியை ஆராய்பவர் கேட்கவேண்டிய முதற் கேள்வி இது: ஏமாற்றப்பட்டு நானே அனுப்பிய தொகையை இப்பாலிசி ஈடுசெய்யுமா? காப்பீட்டு ஒழுங்குமுறை மேம்பாட்டு ஆணையம் 2021-ஆம் ஆண்டு செப்டம்பரில் தனிநபர் இணையக் காப்பீட்டுக்கான மாதிரி அமைப்பு ஒன்றை வெளியிட்டது. நிதித் திருட்டு, அடையாளத் திருட்டு, போலி மின்னஞ்சல் வழி ஏமாற்று, இணைய மிரட்டிப் பணம் பறித்தல் முதலியவை அதில் தனித்தனிப் பிரிவுகளாக உள்ளன. ஒரு பிரிவில் கிடைக்கும் பாதுகாப்பு மற்றொரு பிரிவில் கிடைக்கும் என்பதற்கில்லை. சில பாலிசிகள் பிறர் அத்துமீறிக் கணக்கில் நுழைந்து எடுத்ததை மட்டுமே ‘திருட்டு’ எனக் கொள்கின்றன. சிலவற்றில் மொத்தத் தொகை பெரிதாகக் காட்டப்பட்டு, ஏமாற்று வகைக்குச் சிறு உள்வரம்பு விதிக்கப்பட்டிருக்கும். எந்த இழப்பு சட்டத்தால் காக்கப்படவில்லையோ அதனையே விலக்கிவிட்டு, சட்டத்தால் காக்கப்பட்டதை மட்டும் உள்ளடக்கும் பாலிசி எவ்வளவு மலிவாயினும் விலை அதிகமானதே.

அடையாளத் திருட்டு

பிறருடைய நிரந்தரக் கணக்கு எண்ணையோ ஆதார் நகலையோ கொண்டு கடன் பெறுவது மற்றொரு வகை. தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 66-சி பிரிவின்படி பிறரது மின் கையொப்பம், கடவுச்சொல் முதலிய தனி அடையாளத்தை மோசடியாகப் பயன்படுத்துவது மூன்று ஆண்டு வரை சிறையும், ஒரு லட்சம் ரூபாய் வரை அபராதமும் விதிக்கத்தக்க குற்றமாகும். இவ்வகையில் பாதிக்கப்பட்டவர் நேரடியாக இழக்கும் பணம் பெரும்பாலும் குறைவு. தாம் வாங்காத கடனைத் தாம் செலுத்தவேண்டியதில்லை. ஆனால், கடன் தகுதி மதிப்பு சரிவதும், வீட்டுக் கடன் மறுக்கப்படுவதும், வசூல் முகவர்களின் தொல்லையும், அலுவலகம் அலுவலகமாக அலையும் காலமும் உண்மையான இழப்புகளே. பாலிசிகள் இதற்கு அளிப்பது வழக்கறிஞர் கட்டணம், ஆவணச் செலவு, மனநல ஆலோசனைச் செலவு போன்றவை. இச்செலவு தமக்குப் பெருஞ்சுமையாகுமா என்பதை ஒவ்வொருவரும் தம் நிலைக்கேற்ப எடைபோட வேண்டும்.

இதில் விரைந்து கண்டறிவதே முதன்மையானது. அதற்கான வழிகள் இலவசமாகவே உள்ளன. நாட்டிலுள்ள நான்கு கடன் தகவல் நிறுவனங்களான ட்ரான்ஸ்யூனியன் சிபில், எக்ஸ்பீரியன், ஈக்விஃபாக்ஸ், கிரிஃப் ஹைமார்க் ஒவ்வொன்றும் ஆண்டுக்கு ஒரு முழு அறிக்கையைக் கட்டணமின்றி வழங்கவேண்டும் என்ற ஏற்பாடு 2017-ஆம் ஆண்டு ஜனவரியில் நடைமுறைக்கு வந்தது. மூன்று மாதத்திற்கு ஒரு நிறுவனம் வீதம் அறிக்கை பெற்றால், செலவின்றி ஆண்டு முழுவதும் கண்காணிக்கலாம். ஆதாரிலுள்ள கைரேகை முதலிய உயிரளவு விவரங்களைப் பூட்டி வைக்கும் வசதியும், 2023-ஆம் ஆண்டில் தொடங்கப்பட்ட சஞ்சார் சாத்தி தளத்தில் தமது பெயரிலுள்ள கைப்பேசி இணைப்புகளைச் சரிபார்க்கும் வசதியும் கட்டணமற்றவை. கடன் அறிக்கைக் கண்காணிப்பு என்ற பெயரில் ஆண்டுக் கட்டணம் வசூலிக்கும் சேவைகளை இவற்றோடு ஒப்பிட்டுப் பார்ப்பது நலம்.

வாங்குமுன் நோக்கவேண்டியவை

யாருக்கு இக்காப்பீடு பயன்படக்கூடும்? பெருந்தொகையைச் சேமிப்புக் கணக்கில் வைத்திருக்கும் முதியோர், ஒரே வங்கிக் கணக்கைப் பல உறுப்பினர் கையாளும் குடும்பம், இணையவழிப் பரிமாற்றத்தை மிகுதியாகச் செய்வோர் ஆகியோர் கருதிப் பார்க்கலாம். அவர்களும் தேடவேண்டியது கடன் அட்டைக்கு மட்டுமான பாலிசியை அன்று. ஏமாற்றுவழி நிதி இழப்பை எல்லாக் கணக்குகளுக்கும் ஈடுசெய்யும் பாலிசியை. கையெழுத்திடுமுன் பின்வருவனவற்றை எழுத்தில் கேட்டறிய வேண்டும்:

1. ஏமாற்றப்பட்டுத் தாமே அனுப்பிய தொகைக்கு ஈடு உண்டா? அதன் உள்வரம்பு எவ்வளவு?
2. ஓ.டி.பி.யைக் கூறியது ‘கவனக்குறைவு’ என விலக்கப்படுமா?
3. எத்தனை மணி நேரத்திற்குள் நிறுவனத்திற்கு அறிவிக்கவேண்டும்? முதல் தகவல் அறிக்கை அவசியமா?
4. வங்கி திருப்பித் தந்த தொகை கழிக்கப்படுமா? தொடக்க இழப்பில் ஒரு பகுதியைப் பாலிசிதாரர் ஏற்கவேண்டுமா?
5. குடும்ப உறுப்பினரின் கணக்குகள் அடங்குமா? குடும்பத்தாரே செய்த மோசடி, தொழில் கணக்கு, கிரிப்டோ நாணய இழப்பு ஆகியவை விலக்கப்பட்டுள்ளனவா?
6. அட்டையுடன் இலவசமாகவே வழங்கப்பட்டுள்ள பாதுகாப்பு எது? விபத்துக் காப்பீட்டை மோசடிக் காப்பீடு எனக் குழப்பிக்கொள்ளலாகாது.

வாடிக்கையாளரின் வெளிப்படையான சம்மதமின்றி இத்தகைய காப்பீட்டை அட்டையுடன் சேர்க்கலாகாது என ரிசர்வ் வங்கியின் 2022-ஆம் ஆண்டு நெறிமுறைகள் வலியுறுத்தின. வாங்குபவர் அறியாமல் பட்டியலில் கூடுதல் பொருளைச் சேர்ப்பதை ஏமாற்று வணிக முறை என மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையத்தின் 2023-ஆம் ஆண்டு நவம்பர் வழிகாட்டுதல்கள் வகைப்படுத்தின. கேளாத பிரீமியம் மாதப் பட்டியலில் காணப்பட்டால், அதனை மறுத்துத் திரும்பக் கேட்பது வாடிக்கையாளரின் உரிமை.

விலையில்லாக் காப்பு

பிரீமியம் ஏதுமின்றிப் பெறக்கூடிய காப்பு விரைவுதான். பணம் பறிபோனதை அறிந்தவுடன் 1930 என்ற தேசிய உதவி எண்ணை அழைத்தால், பணம் ஒரு கணக்கிலிருந்து மற்றொரு கணக்கிற்குத் தாவிச் சென்று மறையுமுன் அதனை முடக்கும் வாய்ப்பு உண்டு. வங்கிக்கு அறிவித்துப் புகார் எண்ணைப் பெறுவதும், தேசிய இணையக் குற்றப் புகார்த் தளத்தில் பதிவு செய்வதும் உடன் செய்யவேண்டியவை. வங்கி 30 நாட்களுக்குள் விடையளிக்காவிடினும், விடை திருப்தியளிக்காவிடினும், ரிசர்வ் வங்கியின் குறைதீர்ப்பாளரிடம் கட்டணமின்றி முறையிடலாம். காப்பீட்டு நிறுவனத்தோடு பிணக்கு நேர்ந்தால் காப்பீட்டுக் குறைதீர்ப்பாளர் உள்ளார். கணக்கில் சரியான கைப்பேசி எண்ணைப் பதிவு செய்து குறுஞ்செய்தி வரச் செய்வதும், பயன்படுத்தாத வெளிநாட்டு, இணையவழி வசதிகளை மூடி வைப்பதும், பெருந்தொகையை அன்றாடப் புழக்கத்திற்குரிய கணக்கில் வைக்காமலிருப்பதும் எவரும் செய்யத்தக்கவை.

நிர்வாகத்தில் உள்ளோர் கருதவேண்டிய ஒன்றும் உண்டு. மூன்று நாள் விதியை அறியாத வாடிக்கையாளருக்கு அவ்விதியால் பயனில்லை. படிப்பறிவு குறைந்தோரும், மாதம் ஒருமுறை மட்டும் வங்கிக்குச் செல்லும் கிராமத்துக் கணக்குதாரரும், ஆங்கிலக் குறுஞ்செய்தியைப் படிக்க இயலாத முதியோரும் காலக்கெடுவைத் தவறவிட்டு, சட்டம் தந்த பாதுகாப்பையே இழந்துவிடுகின்றனர். பிரீமியம் செலுத்தவும் அவர்களால் இயலாது. வங்கிச் செய்திகள் வட்டார மொழியில் அமைவதும், வங்கித் தொடர்பாளர்களும் தபால் ஊழியர்களும் சுயஉதவிக் குழுக்களும் 1930 என்ற எண்ணையும் மூன்று நாள் கெடுவையும் வீடுதோறும் எடுத்துரைப்பதும், காப்பீடு வாங்க முடியாத இம்மக்களுக்கு அளிக்கக்கூடிய முதற் பாதுகாப்பாகும்.